ஜெர்மனியில் மேற்படிப்பு: கிளம்புவதற்கு முந்தைய ஓராண்டு

ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் பலருக்கும் மே முதல் ஆகஸ்டுக்குள்தான் கைக்கு வரும். "முதலில் கடிதம் வரட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தவர்கள்தான் ஆகஸ்டில் தவித்துப் போகிறார்கள். விசாவுக்குப் பணம் கட்டியதற்கான சான்று வேண்டும். அந்தப் பணத்துக்கு வங்கிக் கடன் வேண்டும். கடனுக்கு வீட்டுப் பத்திரம் வேண்டும். பத்திரம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் வேலைகள் இவை. எது எதற்கு முன்னால் முடிய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல். அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் நம்மவர்களே அதிகம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது முக்கியக் காரணம். பருவத்துக்கு ஒருமுறை சில நூறு யூரோ நிர்வாகத் தொகை மட்டும் கட்ட வேண்டும். விதிவிலக்கும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து இவர்களிடம் கட்டணம் வசூலிக்கிறது. முதுகலைக்குப் பாடத்தைப் பொறுத்துப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை.

"ஜெர்மனியில் சீட் உறுதி" என்று சொல்லும் ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா என்பதுதான். ஏஜென்டுக்குக் கமிஷன் வருவது பெரும்பாலும் தனியாரிடமிருந்து. அங்கே கட்டணமும் லட்சங்களில்தான் இருக்கும். டாட் எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் பாடப்பிரிவுகள் கட்டண விவரத்தோடு இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்த மாணவருக்கு ஏஜென்ட் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்நாட்டு மாணவர்கள் எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டியது தங்கள் பெயரை. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "கார்த்திக் எஸ்" என்று இருக்கும். ஆதாரில் "எஸ். கார்த்திக்". பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து "கார்த்திக் சுப்பிரமணியன்". பட்டச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டல். நம் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜெர்மன் அலுவலரின் கண்ணுக்கோ இவை நான்கு வெவ்வேறு ஆட்கள். அங்குள்ள எந்தப் படிவத்திலும் குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கும். அதை வெறுமனே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பம் எதையும் தொடங்குவதற்கு முன்பே அதைத் திருத்தி மறுபடி வாங்கிவிடுங்கள். தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுக்கொள்வதுதான் பொதுவான வழி. பிறகு விண்ணப்பம், கடன், காப்பீடு, விமான டிக்கெட் என்று எல்லாமே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில், எழுத்துக்கு எழுத்து மாறாமல் இருக்கட்டும். மதிப்பெண் பட்டியலோடு உள்ள வித்தியாசம் இனிஷியல் விரிவு மட்டும்தான் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரி முன் எழுதி வாங்கிய பிரமாணப் பத்திரம் கைவசம் இருக்க வேண்டும். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டிவரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். மூன்றாம் ஆண்டு விடுமுறையிலேயே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

அடுத்தது ஏபிஎஸ். நம் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்க்கும் மையம் இது, டெல்லியில் இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல், இந்தியாவில் படித்தவர்கள் ஜெர்மன் மாணவர் விசா கேட்டால் இந்தச் சான்றிதழ் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே இதைக் கேட்கின்றன.

மதிப்பெண்ணையும் நீங்களே மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் 1.0 தான் முதலிடம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு. கணக்கு எளிது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். பத்துக்கு 8 வாங்கியவருக்கு, தேர்ச்சி 5 என்றால், 2.2 வரும். 2.5-க்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும் துறைகள் நிறைய. இந்தக் கணக்கைப் போடாமல் இருபது இடங்களுக்கு விண்ணப்பிப்பது வீண் செலவு. யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப மையம் வழியாகப் போகும் விண்ணப்பத்தில் முதல் பாடப்பிரிவுக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ கட்ட வேண்டும்.

இனி பணம். மாணவர் முதல் ஓராண்டு வாழ்வதற்கான தொகையை, ஷ்பெர்கோன்டோ என்ற முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ; அதாவது மாதம் 992. தங்கள் நாட்டு மாணவர்களுக்கு ஜெர்மன் அரசு தரும் உதவித்தொகையின் உச்ச அளவோடு இது இணைக்கப்பட்டிருப்பதால் அவ்வப்போது உயரும். விண்ணப்பிக்கும் மாதத்தில் தொகையை மறுபடி சரிபாருங்கள். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம். இது கட்டணம் அல்ல, உங்கள் பணமேதான். ஆனால் மாதம் 992-க்கு மேல் எடுக்க முடியாது.

கடன் வாங்குபவர்கள் சொத்து ஆவணங்களை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய தொகைக்கு அடமானம் கேட்கும் வங்கி, தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்கும்; மதிப்பீட்டாளர் வந்து இடத்தை அளப்பார். பட்டா பெயர் மாறாமல் இருந்தாலோ, சித்தப்பாவின் கையெழுத்து தேவைப்பட்டாலோ அங்கேயே நின்றுவிடும். அனுமதிக் கடிதம் வரும் முன்பே இந்த ஆவணங்களைச் சீராக்கி வைக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தை முதலில் விசாரித்துவிட்டுக் கடனுக்குப் போகலாம். வங்கி பணம் அனுப்பும்போது இடையிலுள்ள வங்கிகள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். சில யூரோ குறைந்தாலும் கணக்கு முழுமையாகாது. முப்பது நாற்பது யூரோ சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.

கடனை அங்கே பகுதிநேர வேலை செய்து அடைத்துவிடலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. ஆனால் ஜெர்மன் மொழி தெரியாதவருக்கு வேலை கிடைப்பதே கடினம். படிப்பும் கூடவே ஓட வேண்டும். அது கைச்செலவுக்கு உதவும் பணம், அவ்வளவே. வகுப்பு ஆங்கிலத்தில் என்றாலும், கிளம்பும் முன் ஆரம்பநிலை ஜெர்மனாவது படித்துவிடுங்கள். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. இணைய வகுப்பும் உண்டு.

விசா விஷயத்தில் ஒரு மாற்றம் பலருக்கு இன்னும் தெரியவில்லை. விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே மேல்முறையீட்டுக் கடிதம் எழுதும் வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது இல்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது ஜெர்மனியில் நீதிமன்றம் போக வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பமே பிசகில்லாமல் போக வேண்டும். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்ததற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று விளக்கும் கடிதத்தை இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து எழுதாமல், நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.

அறை கிடைப்பது சீட் கிடைப்பதைவிடச் சிரமம். ஸ்டூடியரன்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதிகளே மலிவு. அனுமதிக் கடிதம் வந்த அன்றே அங்கே பெயரைப் பதிந்துவிடுங்கள். தனியார் அறை என்றால் மோசடிகள் அதிகம். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்பது வழக்கமான கதை. பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பவே கூடாது. அந்த ஊரில் ஏற்கெனவே படிக்கும் சீனியர் ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லலாம். வெப்பம், தண்ணீர்ச் செலவு சேராத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்க அங்கே சட்டத்தில் இடமில்லை. உங்கள் முகவரியைப் பதிய உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று தருவாரா என்று மறக்காமல் கேளுங்கள். தர மறுத்தால் அந்த அறை வேண்டாம்.

அந்தச் சான்று ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மற்ற எல்லாம் அதில்தான் தொடங்குகிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதன் பிறகே உள்ளூர் வங்கிக் கணக்கு, வரி எண், தங்கும் உரிமம் எல்லாம் ஒவ்வொன்றாக நகரும். முடக்கப்பட்ட கணக்கிலிருந்து மாதப் பணம் வரவும் பொதுவாக இந்தப் பதிவும் உள்ளூர் வங்கிக் கணக்கும் வேண்டும். பெரிய நகரங்களில் அலுவலக நேரம் கிடைக்கவே வாரங்கள் ஆகலாம். கணக்கில் 12 லட்சம் இருந்தும் கையில் பணமில்லாத நாட்கள் இவை. அறை முன்பணம், முதல் வாடகை, பருவத் தொகை, மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும் மருத்துவக் காப்பீடு எல்லாம் இதே சமயத்தில்தான் வரும். பயண அட்டையில் 2,000 யூரோவாவது தனியாக வைத்துக்கொண்டு போங்கள். இதைக் கடன் தொகையிலேயே சேர்த்துக் கேட்டுவிடலாம். 30 வயதைத் தாண்டியவர்கள் பொதுக் காப்பீட்டின் மாணவர் சலுகையில் சேர முடியாது. அதற்கான கூடுதல் செலவையும் முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியைப் பற்றி அம்மாக்களுக்குச் சில வார்த்தை. இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. வெண்ணெய் காய்ச்சிய நெய்யும் திருவில்லிபுத்தூர் பால்கோவாவும் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். அது இல்லாமல் கொண்டுபோகக்கூடியவை அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்து மட்டுமே. சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளி, சின்ன குக்கர் தாராளமாகப் போகலாம். குளிர்ச் சட்டையை இங்கே வாங்கிச் சுமக்க வேண்டாம். அங்கே கிடைப்பதுதான் அந்தக் குளிருக்கு ஏற்றது. பல்லையும் கண்ணையும் காட்டிவிட்டு, மாற்றுக் கண்ணாடி ஒன்றும், மருந்தின் பொதுப்பெயரோடு எழுதிய டாக்டர் சீட்டும் எடுத்து வையுங்கள்.

கடைசியாக, உங்கள் இந்திய சிம்மை விட்டுவிடாதீர்கள். வங்கி ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும்; ரோமிங்கில் செய்தி வருமாறு செய்து, குறைந்தபட்ச ரீசார்ஜை வீட்டில் யாராவது தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்கட்டும். படிக்கப் போகிறவரும் அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர்தான். ஆகவே சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றவும், கடன் சம்பந்தமான கையெழுத்துக்கு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கவும் கிளம்பும் மாதத்தில் ஒரு நாளை வங்கிக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒதுக்கி வையுங்கள்.