வளரும் பிள்ளைகளின் தோலுக்கு உகந்தது பச்சைப்பயறு மாவு

சுமார் 10 வயது முதல் 18 வயது வரை பிள்ளைகளின் தோலில் பல மாறுதல்கள் ஏற்படுகின்றன. உடலில் ஹார்மோன்கள் பெருகுவதால் முகத்திலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. இந்த எண்ணெயும் இறந்த தோல் செல்களும் சேர்ந்து மயிர்க்கால்களை அடைத்துக்கொள்வதால் முகப்பரு தோன்றுகிறது. இது வயதின் இயல்பேயன்றி அழுக்கினால் வருவதன்று. எனவே, அழுத்தித் தேய்த்துக் கழுவுவதால் பரு மறையாது, தோல்தான் புண்ணாகும்.

இதை அறியாமல் பயறு விற்ற பணத்தில் ஒரு பகுதியைச் சிலர் முகக் களிம்புகளுக்குச் செலவிடுகின்றனர். வயலில் விளைந்த பயறே பிள்ளைகளின் முகம் கழுவப் போதுமானது.

ஏன் பயறு மாவு?

ஆரோக்கியமான தோல் சற்று அமிலத் தன்மை உடையது. அதன் கார அமில நிலை ஏறக்குறைய 5 ஆகும். சாதாரண சோப்புக் கட்டிகளுக்கு இது 9 முதல் 10 வரை இருக்கும். அடிக்கடி சோப்புப் போட்டால் தோல் வறண்டு அரிக்கும். பயறு மாவில் சோப்பின் காரம் இல்லை. அது எண்ணெய்ப் பசையை மிதமாக எடுக்கும்.

தயாரிக்கும் முறை

முழுப் பச்சைப்பயறைக் கல், மண் நீக்கி நன்கு காயவைத்து நைசாக அரைக்க வேண்டும். பின் மெல்லிய துணியில் சலித்துக்கொள்ள வேண்டும். கொரகொரப்பான மாவு தோலைக் கீறிவிடும். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் உடனே அரைத்தால் முகம் எரியும். வீட்டு மிக்சியைக் கழுவித் துடைத்து அரைப்பது நல்லது. மாவை ஈரம் படாமல் மூடி வைக்க வேண்டும். பூசணம் பிடித்த மாவு ஆகாது.

ஒரு தேக்கரண்டி மாவைத் தண்ணீரில் குழைத்து, விரல் நுனியால் மென்மையாகத் தடவி உடனே கழுவ வேண்டும். நாளைக்கு ஒரு முறை போதும். மறுவேளைக்கு வெறும் தண்ணீரே போதும். கை கால் வறண்டிருந்தால் குளித்தபின் சிறிது தேங்காய் எண்ணெய் தடவலாம். பருவுள்ள முகத்தில் எண்ணெய் தடவலாகாது.

முதன்முறை முகத்தில் பூசுவதற்கு முன், முழங்கையின் உட்புறம் சிறிது தடவிக் கழுவி, இவ்வாறே ஒரு வாரம் செய்து பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ கண்டால் விட்டுவிட வேண்டும். பயறு சாப்பிட்டால் ஒவ்வாத பிள்ளைகளுக்கு இம்மாவு கூடாது.

விதைப்பயறு வேண்டாம்

விதைப்பதற்காகப் பூஞ்சாணக் கொல்லி கலந்து வைத்த பயறு மிஞ்சினால், அதைக் கழுவியும்கூட மாவுக்குப் பயன்படுத்தக் கூடாது. அது நஞ்சு. உணவுக்கென ஒதுக்கிய பயறையே எடுக்க வேண்டும்.

சேர்க்கக் கூடாதவை

பத்துப் பதினைந்து பொருள்களைச் சேர்த்தால் மாவின் குணம் கூடும் என்பது தவறு. தடிப்பு வந்தால் எந்தப் பொருளால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பொருள்கள் குறையக் குறைய நல்லது. மஞ்சள் விரும்பும் பெண்கள் ஒரு சிட்டிகை சேர்க்கலாம். கடையில் வாங்கும் தூளில் நிறத்திற்காக ஈயம் கலந்த சாயம் இருக்கக் கூடும் என்பதால், மெருகூட்டாத கிழங்கை வீட்டிலேயே பொடித்துக்கொள்வது சிறந்தது.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவி வெயிலில் சென்றால் தோல் வெந்து கறுத்துவிடும். சமையல் சோடாவும் பற்பசையும் தோலை எரிச்சலூட்டும். ரெட்டினால், பழ அமிலம் அடங்கிய சீரம்கள் இவ்வயதினருக்கு டாக்டர் சொன்னாலன்றித் தேவையில்லை.

களிம்புகளில் எச்சரிக்கை

சில சிவப்பழகுக் களிம்புகளில் பாதரசம் கலக்கப்படுகிறது. இது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய களிம்புகளைத் தடை செய்கிறது. ஆகவே, தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத களிம்பை வாங்கக் கூடாது.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியவை ஸ்டீராய்டு மருந்துகள். இவற்றைப் பூசியதும் முகம் வெளுக்கும். நாளடைவில் தோல் மெலிந்து சிவக்கும், பரு பெருகும், முடி முளைக்கும். டாக்டர் சீட்டின்றி இவற்றை விற்கக் கூடாதென 2018-இல் மத்திய அரசு விதித்தது. ஏற்கெனவே பூசிவரும் பிள்ளைகளை டாக்டரிடம் காட்டி, அவர் சொல்லும் முறைப்படி நிறுத்த வேண்டும்.

வலியுள்ள பெரிய கட்டிகள், தழும்பு விடும் பருக்கள் ஆகியவற்றுக்கு மாவு மருந்தாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் ஏற்ற சிகிச்சை கிடைக்கும். தாமதித்தால் தழும்பு நிலைத்துவிடும்.

நெல் தரிசில் விதைக்கும் ஆடுதுறை 3 போன்ற பயறு 70 நாட்களுக்குள் களத்துக்கு வந்துவிடும். அதில் ஒரு படி ஒதுக்கி வைத்தால் பிள்ளைகளின் முகத்துக்குப் பல மாதங்களுக்குக் காணும். களிம்புச் செலவும் மிச்சமாகும்.