பூட்டிய அலமாரியில் பொறியியல் இல்லை



சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கி.மீ. தொலைவில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ஸ்ரீ சிட்டி. பிழைப்பை நாடி இத்தகைய தொழில் நகரங்களில் குடியேறிய நம்மவர் பலரின் வாஞ்சை, "என் பிள்ளை இன்ஜினீயராக வேண்டும்" என்பதே. ஆனால் அந்தப் படிப்பு பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்த பின்னரே தொடங்கும் என்று எண்ணிவிடுகிறோம். பள்ளி வயதிலேயே அது தொடங்கலாம் என்பதற்கு மனு பிரகாஷ் அவர்களின் பணி ஒரு சான்று.

உத்தரப்பிரதேசத்தில் வளர்ந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இவர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உயிரிப் பொறியியல் பேராசிரியர். விலையுயர்ந்த நுண்ணோக்கிகள், பழுதாகிவிடுமோ என்ற அச்சத்தால் தொடப்படாமலே கிடப்பதைத் தம் பயணங்களில் கண்டார். ஆகவே, தாளை மடித்துச் சிறு வில்லை ஒன்றைப் பொருத்தும் 'ஃபோல்டுஸ்கோப்' என்னும் காகித நுண்ணோக்கியைத் தம் மாணவரோடு சேர்ந்து உருவாக்கி, 2014-இல் வெளியிட்டார். அதற்கான பொருட்செலவு ஒரு டாலருக்கும் குறைவு.

உகாண்டாவில் அவர் கண்டது இன்னும் வேதனையானது. இரத்தத்தைப் பிரித்துச் சோதிக்க உதவும் இயந்திரம், மின்சாரம் இல்லாததால் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது! பொத்தானில் நூல் கோத்து இரு கைகளாலும் இழுத்துச் சுழற்றுவோமே, அந்த விளையாட்டை அவரது குழு ஆராய்ந்தது. 2017-இல் அதே முறையில் காகிதக் கருவி ஒன்று பிறந்தது. எடை 2 கிராம். செலவு 20 சென்ட். வேகம் நிமிடத்திற்கு 1,25,000 சுற்றுகள். ஒன்றரை நிமிடத்தில் அது இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துவிடுகிறது.

கவனியுங்கள்: நூலும் பொத்தானும் நம் பிள்ளைகளின் கைகளிலும் இருந்தவையே. பிறருடைய தேவையைக் கண்டு, "கையில் உள்ளதைக் கொண்டு இதற்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டபோது விளையாட்டு பொறியியலாயிற்று. இந்தக் கேள்வியைக் கேட்கப் பதினான்கு வயது போதும்.

இந்தியாவில் காகித நுண்ணோக்கியைப் பரப்ப, 2015-இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை அவரது ஆய்வகத்தோடு கைகோத்தது. 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம், 6 முதல் 12 வரையுள்ள வகுப்பினருக்கு முப்பரிமாண அச்சுப்பொறி, உணரிகள் போன்றவற்றைப் பள்ளியிலேயே வழங்குகிறது. ஆனால் ஆய்வகம் பூட்டியே கிடந்தால் பயன் என்ன?

ஆகையால் பெற்றோரே, மதிப்பெண்ணை விசாரிக்கும்போதே, "என் பிள்ளை தன் கையால் எதைச் செய்து பார்த்தான்?" என்றும் பள்ளியில் கேளுங்கள். வீட்டில் பழுதான மின்விசிறியைப் பிள்ளை பிரித்துப் பார்க்க விரும்பினால், மின்னிணைப்பைத் துண்டித்து, அருகில் அமர்ந்து அனுமதியுங்கள். பொறியியல் முடித்த மகளோ மகனோ, "பள்ளி ஆசிரியராகப் போகிறேன்" என்று சொன்னால், படிப்பு வீணாயிற்று என்று கலங்காதிருங்கள். ஒரு கருவியைச் செய்கிறவர் சிலருக்கு உதவுகிறார். கருவி செய்யக் கற்பிக்கிறவரோ ஒரு தலைமுறையையே ஆயத்தப்படுத்துகிறார்.