கேப்டன் ஹேடாக்கின் லட்சம் கோடிக் கோபம்

டின்டின் படக்கதைகளில் வரும் கேப்டன் ஹேடாக்குக்குக் கோபம் வந்தால், பிரெஞ்சு மூலத்தில் அவர் கத்துவது ‘மில் மில்லியோன் த மில் சபோர்’. ‘சபோர்’ என்பது பாய்மரப் போர்க்கப்பலின் பக்கச்சுவரில் பீரங்கி வாயை நீட்டுவதற்காக வெட்டிய சதுரத் திறப்பு. கடல் அமைதியாக இருக்கும்போது மூடியிருக்கும். சண்டை என்றால் மூடிகள் வரிசையாகத் திறந்து குண்டு பாயும். ஆயிரம், மில்லியன், மறுபடி ஆயிரம் என்று கேப்டன் அடுக்குவதைப் பெருக்கினால் ஒரு லட்சம் கோடி வருகிறது. அத்தனை பீரங்கித் திறப்புகளின் மேல் ஆணையிட்டுத்தான் அவர் கோபத்தைக் கொட்டுகிறார். சுருக்கமாகச் சொல்லும் நேரங்களில் ‘மில் சபோர்’ போதும்: ஆயிரம் திறப்புகள்.

இன்னொரு சொல்லும் அவர் வாயில் ஓயாது: ‘தோனேர் த பிரெஸ்ட்’, அதாவது பிரெஸ்ட் நகரத்து இடி. பிரெஸ்ட் பிரான்சின் மேற்குமுனையில் உள்ள கடற்படைத் துறைமுகம். அங்கே படைத்துறைக் கிடங்கின் வாயில் காலையில் திறப்பதையும் மாலையில் மூடுவதையும் ஊருக்கு அறிவித்த பீரங்கிச் சத்தமே அந்த இடி என்பது பரவலான விளக்கம்.

இந்த இரண்டு சொற்களும் எந்த உலகத்திலிருந்து வந்தனவோ, அந்த உலகத்தைப் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் கரை நேரில் பார்த்திருக்கிறது. 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது முதல் அடி விழுந்தது பக்கத்திலுள்ள அரியாங்குப்பம் கோட்டையில். 1757 மே மாதம் பிரெஸ்டிலிருந்து கிளம்பிய பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தாஷேயின் கப்பல்கள் படைத்தளபதி லாலியையும் அவர் படையையும் ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய ஓராண்டு கழித்து இங்கே வந்து சேர்ந்தன. 1759 செப்டம்பரில் இந்தக் கடலில் ஆங்கிலேயரோடு நடந்த சண்டைக்குப் பிறகு தாஷே மொரீஷியசுக்குத் திரும்பிப் போனார், மறுபடி வரவில்லை. கடற்படையின் துணை இல்லாத புதுச்சேரி 1761 ஜனவரியில் சரணடைந்தது. 1781இல் அதே பிரெஸ்டிலிருந்து புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன், 74 பீரங்கிகள் கொண்ட ‘ஏரோ’ கப்பலோடு வந்து, 1783 ஜூனில் கடலூர் கடலில் கடைசிச் சண்டையைப் போட்டார். புதுச்சேரியில் அன்று கப்பல் அணையத் துறை கிடையாது. பெரிய கப்பல்கள் எல்லாம் தள்ளி நங்கூரமிட, சரக்கையும் ஆளையும் அலை தாண்டிக் கரைசேர்த்தவை இந்தக் கரையோர மக்கள் ஓட்டிய சலங்குப் படகுகள். சபோர்களை மிக அருகில் பார்த்த தமிழர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஹேடாக்கைப் படைத்தவர் பெல்ஜிய ஓவியர் எர்ஜே. இயற்பெயர் ஜார்ஜ் ரெமி. 1940இல் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்ததும் அவர் வரைந்துவந்த சிறுவர் இதழ் நின்றுபோனது. ‘ல சுவார்’ நாளிதழின் சிறுவர் இணைப்பில் அவர் தொடங்கிய ‘தங்கக் கொடுக்குகள் கொண்ட நண்டு’ கதையில், 1941இன் தொடக்கத்தில், குடிபோதையில் கிடக்கும் கப்பல் தலைவனாக ஹேடாக் நுழைகிறார். ஹேடாக் ஒரு மீனின் பெயர். அது ‘சோகமான ஆங்கிலேய மீன்’ என்று மனைவி சொன்னதிலிருந்து எர்ஜேவுக்கு அந்தப் பெயர் கிடைத்தது.

பெயர் கிடைத்துவிட்டது, பேச்சுதான் சிக்கல். மாலுமி என்றால் வாயில் வசவு வர வேண்டும். சிறுவர் இதழிலோ ஒரு கெட்ட வார்த்தைகூடப் போட முடியாது. எர்ஜேவுக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. 1933இல் ஐரோப்பாவின் நான்கு வல்லரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கை எல்லார் வாயிலும் அடிபட்ட சமயம், சந்தையில் ஒரு கடைக்காரர் சண்டையில் எதிராளியை ‘நீ ஒரு நாலு வல்லரசு உடன்படிக்கை’ என்று திட்டியதை அவர் கேட்டிருந்தார். வசவுக்குப் பொருள் வேண்டியதில்லை, சொல்லும் வேகமும் ஓசையும் போதும் என்பது அதில் கிடைத்த பாடம். பாலைவனக் காட்சியில், எதிரியின் குண்டு தன் மதுப்புட்டியை உடைத்ததும் ஹேடாக் சொல்மாரி பொழிந்துகொண்டு தனியாளாகப் பாய்கிறார். பிறகு வந்த கதைகளில் விலங்கு, தாவரம், இலக்கணக் குற்றம், பழைய துருக்கிப் படையாள் எல்லாமே அவருக்கு வசவாயின. ஆல்பேர் அல்கூ 1991இல் அவற்றைத் திரட்டித் தனி அகராதியே போட்டார்.

‘மில் சபோர்’ எர்ஜே புதிதாகக் கட்டியதல்ல. பழைய பிரெஞ்சுக் கடற்கதைகளில் மாலுமிகள் சொல்லும் ஆணைதான். எர்ஜே அதற்குக் கதைக்குள்ளேயே ஒரு பூர்வீகம் கொடுத்தார். ஹேடாக்கின் முன்னோர், பதினான்காம் லூயியின் கடற்படையில் ‘லிகோர்ன்’ கப்பலின் தலைவர். கதைப்படி ஆண்டு 1698. அப்போது புதுச்சேரி டச்சுக்காரர் கையிலிருந்து பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பவிருந்த நேரம். கப்பல் அழிந்த பின் அந்த முன்னோர் ஒரு தீவில் வாழ்கிறார். தலைமுறைகள் கழித்து ஹேடாக் அங்கே இறங்கினால், மரத்திலிருக்கும் கிளிகள் அதே குடும்ப வசவுகளைச் சொல்லிக் கத்துகின்றன. தாத்தா திட்டியதைக் கேட்ட கிளி குஞ்சுக்குச் சொல்லி, அது தன் குஞ்சுக்குச் சொல்லி வந்திருக்கிறது. டின்டின் வரிசையில் இதைவிட அழகான கற்பனை குறைவு.

ஆங்கிலத்தில் மைக்கேல் டர்னரும் லெஸ்லி லான்ஸ்டேல்-கூப்பரும் கேப்டனின் நீளமான கூச்சலை ‘பில்லியன்ஸ் ஆஃப் புளூ பிளிஸ்டரிங் பார்னக்கிள்ஸ்’ என்று ஆக்கினார்கள். பிரெஸ்ட் இடி ‘தண்டரிங் டைஃபூன்ஸ்’ ஆனது. பகர ஒலி பட்டாசுபோல் வெடிக்கிறது. அதற்காக பீரங்கி, துறைமுகம் இரண்டும் கைவிடப்பட்டன. சிறுவர் வாசிப்புக்கு அது சரியான முடிவே. பார்னக்கிள் என்பது தமிழில் கொட்டலசு. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும் சிற்றுயிர். படகுகளைப் பொறுத்தவரை, ஓயாமல் தண்ணீரில் நிற்பவற்றில்தான் அது ஏறும். அதனால் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகளுக்கு அது தொல்லை. வீராம்பட்டினம் மணலில் இழுத்துப்போட்டு வெயிலில் காய்ந்த கட்டுமரங்களை அது அண்டியதில்லை.

இந்தியில் அதே கூச்சல் நெளியும் கறுப்பு ஆமைகளாக, கோடி கோடியாக, ககர மோனையோடு வந்திருக்கிறது. மூன்று மொழியிலும் மாறாதவை இரண்டு: மலைக்கவைக்கும் எண்ணிக்கை, கடல். தமிழில் ஹேடாக்கைப் பேசவைப்பவர்கள் ஆங்கிலப் பார்னக்கிளை அப்படியே எழுத்துக்கூட்டி வைக்க வேண்டாம். சலங்கு, நங்கூரம், வாடைக்காற்று, கொட்டலசு என்று கடற்கரைச் சொற்கள் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றைப் புழங்கும் மீனவர்களிடம் கேட்டு, ஓசை பார்த்து, லட்சம் கோடியையும் சேர்த்துக் கோக்கட்டும்.