சங்கரன்கோவிலிலிருந்து சென்னை: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சங்கரன்கோவிலுக்கும் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 510 கிலோமீட்டர். புவியின் மையத்தினூடே வெட்டும் தளம் அதன் மேற்பரப்பில் வரையும் வட்டம் 'பெருவட்டம்' எனப்படும். உருண்டையின் மீதுள்ள இரண்டு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி அவ்வட்டத்தின் ஒரு துண்டே என்பதால், வான்வழித் தொலைவு அதன்படியே கணக்கிடப்படுகிறது. மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் இத்தொலைவை 37 நிமிடங்களில் கடந்துவிடும் என்று கணக்குச் சொல்கிறது.

நடைமுறையோ வேறு. மதுரையிலிருந்து சென்னை ஏறத்தாழ 415 கிலோமீட்டர்தான் என்றாலும், கால அட்டவணை அதற்கு ஒன்றேகால் மணி நேரம் அளவில் ஒதுக்குகிறது. சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்ததும் விமானம் நகரத் தொடங்குவது முதல், சேருமிடத்தில் மீண்டும் கட்டை வைக்கப்படுவது வரையிலான நேரமே அட்டவணையில் இடம்பெறுகிறது. ஓடுதளம் வரை ஊர்ந்து செல்வதும் முறை வரும்வரை காத்திருப்பதும் அதில் அடக்கம். மேலேறுவதற்கே ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகும். இறங்குவதற்கான ஆயத்தமோ நூறு கிலோமீட்டருக்கும் முன்பே தொடங்கிவிடும் என்பதால், முழு வேகத்தில் பறக்கும் நேரம் மிகக் குறைவு. விமானங்கள் காற்றை எதிர்த்தே தரையிறங்க வேண்டும். சென்னையின் முதன்மை ஓடுதளம் ஏறத்தாழ கிழக்கு மேற்காக அமைந்திருப்பதால், மேல்காற்று வீசும் நாள்களில் தெற்கிலிருந்து வரும் விமானம் கிழக்கே கடற்பக்கம் சுற்றிவந்து இறங்க நேர்கிறது.

சங்கரன்கோவிலுக்கு நேர்கோட்டில் மிக அருகிலிருப்பது, 75 கிலோமீட்டருக்குள் அமைந்த தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம். திருவனந்தபுரமும் மதுரையும் நேர்கோட்டில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டரே என்றாலும், முன்னதற்கு மேற்குத்தொடர்ச்சி மலையைக் கடந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் செல்ல வேண்டும். வாகைக்குளத்தின் ஓடுதளம் 1,350 மீட்டராக இருந்த காலத்தில், மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும் ஏடிஆர் வகைச் சுழல்விசிறி விமானங்களே அங்கு இறங்க முடிந்தது. இப்போது அது 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலை 26 அன்று புதிய முனையமும் திறக்கப்பட்டிருப்பதால், பெரிய ஜெட் விமானங்களுக்கும் வழி பிறந்திருக்கிறது.

இம்மாற்றத்தால் பறக்கும் நேரத்தில் மிச்சமாகக்கூடியது கால் மணி, மிஞ்சினால் அரை மணி. வாகைக்குளம் வரையிலான சாலைப் பயணமும் விமான நிலையக் காத்திருப்பும் விழுங்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு. பொதிகை விரைவு ரயிலில் இரவு முழுவதும் பயணம் செய்து சென்னை சேரும் சங்கரன்கோவில் மக்களுக்கு விமானம் உண்மையாகவே பயன்பட வேண்டுமானால், விமான நேரங்களையொட்டி வாகைக்குளத்துக்கு நேரடிப் பேருந்துகளை இயக்க அரசு முன்வர வேண்டும்.