ஹியூமர் – நகைச்சுவை: சொற்பொருள் வரலாறு

ஹியூமர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இன்று நாம் நகைச்சுவை என்று பொருள் கொள்கிறோம். ஆனால் அச்சொல் பிறந்தபோது அதற்கும் சிரிப்புக்கும் தொடர்பு இல்லை. ஈரம், நீர்மம் என்பதே அதன் முதற்பொருள். நீர்மத்தைக் குறித்த சொல் மனநிலையைக் குறித்து, பின்பு சிரிப்பைக் குறிக்க வந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இலத்தீன் மூலம்

இலத்தீன் மொழியில் 'ஊமோர்' என்றால் ஈரம். ஆங்கிலத்தில் ஈரப்பதத்தைக் குறிக்கும் ஹியூமிடிட்டி என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களும், பின்னர் வந்த காலனின் நூல்களும் உடலில் நான்கு நீர்மங்கள் உண்டு என்று கூறின. அவை இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்பன. இவை சமமாக இருந்தால் உடல்நலம். ஒன்று மிகுந்தால் நோய். அது மட்டுமன்று, மிகுந்து நிற்கும் நீர்மமே ஒருவரின் குணத்தையும் தீர்மானிக்கும் என்று நம்பினர். மஞ்சள் பித்தம் மிகுந்தவர் கோபக்காரர். கரும்பித்தம் மிகுந்தவர் சோகத்தில் ஆழ்ந்தவர். மெலன்கோலி என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளே கரும்பித்தம்தான்.

இம்மருத்துவக் கொள்கை இன்று கைவிடப்பட்டுவிட்டது. பழைய பொருள் மட்டும் பாடநூல்களில் தங்கியிருக்கிறது. கண்ணில் உள்ள அக்வஸ் ஹியூமர், விட்ரியஸ் ஹியூமர் ஆகியவை நீர்மங்களே. உயிரியலில் வரும் ஹியூமரல் இம்யூனிட்டி என்பதும் உடல் நீர்மங்களின் வழியாகச் செயல்படும் நோய் எதிர்ப்பைக் குறிக்கிறது.

ஆங்கிலத்தில் வந்த மாற்றம்

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்த இச்சொல், நீர்மத்திலிருந்து மனநிலைக்கும், மனநிலையிலிருந்து ஒருவரிடம் மேலோங்கி நிற்கும் விசித்திரக் குணத்திற்கும் பெயராயிற்று. 1598இல் பென் ஜான்சன் எழுதிய 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்' என்ற நாடகம் இந்தப் பொருளில்தான் பெயர் பெற்றது. பொறாமை பிடித்தவர், வீண்பெருமை பேசுபவர் எனத் தத்தம் குணத்தில் சிக்கிய மாந்தர்களை அது மேடையேற்றியது. அத்தகையோரைக் கண்டு மக்கள் சிரித்தனர். நாளடைவில் சிரிப்புக்கு இடமான குணத்தின் பெயர், சிரிக்க வைக்கும் திறனுக்கும் பெயராகிவிட்டது.

பிரெஞ்சில் இரண்டு சொற்கள்

காரைக்கால் 1739 முதல், இடையில் ஆங்கிலேயர் வசமிருந்த காலங்கள் நீங்கலாக, 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இன்றும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பிரெஞ்சு பயிலும் மாணவர்கள் உள்ளனர். ஆங்கிலமும் சேர்த்துப் படிக்கும் இவர்கள் தடுமாறக்கூடிய இடம் இது. பிரெஞ்சில் 'உமேர்' என்றால் மனநிலை. 'உமூர்' என்றால் நகைச்சுவை. முன்னது இலத்தீனிலிருந்து நேரே வந்தது. பின்னது ஆங்கிலத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டில் கடனாகப் பெற்றது. புகுந்த வீட்டுக்குப் போன பெண் புதிய பேச்சோடும் பழக்கத்தோடும் பிறந்த வீடு திரும்பியதுபோல், பிரெஞ்சிலிருந்து சென்ற சொல் புதுப்பொருளோடு திரும்பி வந்தது. ஆகவே 'மோவேஸ் உமேர்' என்பதை 'மோசமான நகைச்சுவை' என்று பெயர்த்தால் பிழை. 'சிடுசிடுப்பான மனநிலை' என்பதே சரி.

சீன மொழிக்கு இச்சொல் ஒலிபெயர்ப்பாகச் சென்றது. எழுத்தாளர் லின் யூடாங் 1924இல் 'யோமோ' என்ற வடிவை முன்வைத்தார். அது இன்று அங்கே இயல்பான சொல்லாக வழங்குகிறது.

தமிழில் நகையும் சுவையும்

நகைச்சுவை என்பது நகை, சுவை என்னும் இரு சொற்களின் கூட்டு. 'நகு' என்ற வினைக்குச் சிரித்தல், ஒளிர்தல், மலர்தல் என்ற பொருள்கள் உண்டு. சிரிப்பும், பல்லும், அணிகலனும் நகை எனப்படுவதன் காரணம் இதுவே. ஐரோப்பியச் சொல் உடலின் உள்ளே இருக்கும் நீர்மத்தில் தொடங்கியது. தமிழ்ச் சொல் முகத்தில் தோன்றும் ஒளியில் தொடங்கியது.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, நகையை முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு:

1. எள்ளல் – இகழ்தல்
2. இளமை – குழந்தைத்தனம்
3. பேதைமை – அறியாமை
4. மடன் – சொன்னதை ஆராயாமல் பிடித்துக்கொள்ளும் வெள்ளை மனம்

வடமொழியின் நாட்டிய சாத்திரமும் எட்டு ரசங்களைக் கூறி, ஹாஸ்யத்தை இரண்டாவதாக வைக்கிறது. ரசம் என்பதன் முதற்பொருள் சாறு. நாம் உண்ணும் ரசமும், ரசனையும், ரசிகரும் அதிலிருந்து வந்தவையே. சாறு சுவையாகி, சுவை கலையுணர்வாயிற்று. அந்த ரசத்துக்கு ஈடாகவே தமிழ் இலக்கண உரைகளில் சுவை என்ற சொல் வழங்குகிறது. எனவே ஐரோப்பாவில் நீர்மம் உணர்வான அதே பாதையில் இந்தியாவிலும் ஒரு சொல் நடந்திருக்கிறது.

சித்த மருத்துவத்தின் வாதம், பித்தம், கபம் ஆகியவற்றை ஆங்கில நூல்கள் பல 'மூன்று ஹியூமர்கள்' என்றே பெயர்த்தன. பித்தம் தலைக்கேறியது என்கிறோம், பித்தன் என்கிறோம். பித்தம் தமிழில் மனநிலை வரை வந்தது. சிரிப்பு வரை வரவில்லை.

நெருங்கிய பிற சொற்கள்

தமாஷ்: அரபியில் உடன் நடத்தல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பாரசீகத்தில் வேடிக்கை பார்த்தலாகி, மராத்தியில் நாட்டுப்புற நாடக வகையின் பெயராகி, தமிழிலும் மலையாளத்திலும் சிரிப்பூட்டும் பேச்சாயிற்று.

விகடம்: வடமொழியில் கோணலான தோற்றம். 1926இல் தோன்றிய ஆனந்த விகடன் இதழால் வீடுதோறும் அறிமுகமான சொல்.

பகிடி: இலங்கைத் தமிழில் வேடிக்கைப் பேச்சு.

அங்கதம்: வசைப்பாட்டைக் குறிக்கத் தொல்காப்பியம் ஆளும் சொல். இன்று சமூகக் குறைகளைச் சாடும் எழுத்துக்குப் பெயர்.

பொருள் வேறுபாட்டின் பயன்

மருத்துவ நூலில் ஹியூமர் என்று வந்தால் நீர்மம். பழைய ஆங்கில நாடகத்தில் வந்தால் குணம் அல்லது மனநிலை. இன்றைய உரைநடையில் பெரும்பாலும் நகைச்சுவை. இடம் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

எள்ளலையும் நகையின் ஒரு பிறப்பிடமாகத் தொல்காப்பியம் கூறுவதால், பிறரை இகழ்வது சரியென்று ஆகிவிடாது. விளையாட்டுக்காகக்கூட ஒருவரை இகழ்வது துன்பம் தரும் என்று பண்புடைமை அதிகாரத்தின் 995ஆம் குறள் எச்சரிக்கிறது. ஊர்ப்பேச்சையோ உடற்குறையையோ சொல்லி வகுப்பறையில் ஒரு மாணவனைக் கேலி செய்துவிட்டு, 'சும்மா தமாஷுக்கு' என்று சொல்பவர்கள் இக்குறளைப் படிக்க வேண்டும். துன்பம் வரும்போது நகுமாறு 621ஆம் குறள் சொல்கிறது. அங்கே நகைக்கப்படுவது மனிதரல்ல, துன்பம்.