போஸோன் திருப்பித் தந்தவை

2020 கோடையில், பிரான்சின் ஷமோனி பள்ளத்தாக்குக்கு மேலே, போஸோன் பனியாற்றில் சில இந்திய நாளிதழ்கள் கிடைத்தன. ஈரமாக இருந்தாலும் எழுத்து அழியவில்லை. இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வானதுதான் தலைப்புச் செய்தி. 1966 ஜனவரி 24 அன்று, இந்திரா பதவியேற்ற அதே நாளில், ஏர் இந்தியாவின் போயிங் 707 மாண்ட் பிளாங்க் உச்சியருகே மோதி நொறுங்கியது. இறந்த 117 பேரில் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் ஒருவர். விமானம் விழுந்தது நாலாயிரம் மீட்டருக்கும் மேலே. அங்கிருந்து தாள்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது பனியாறு.

உச்சியில் விழும் பனி கோடையிலும் முழுதாக உருகுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு படலம் ஏற ஏற, அடியில் கிடப்பது எடையில் நசுங்கிக் குருணையாகிறது; இடுக்கில் இருந்த காற்று குமிழ்களாக அடைபட, கடைசியில் நீலம் பாய்ந்த கட்டியாகிறது. மேலே விழுந்த பொருளும் கூடவே புதைகிறது. கட்டி சில பத்து மீட்டர் தடித்துவிட்டால் அதன் அடிப்பகுதி உடையாமல் வளைந்து, சரிவில் மெல்ல ஒழுகத் தொடங்கும். அடியில் கசியும் உருகுநீர் பாறைமேல் வழுக்கவும் வைக்கும். மேல்தோலுக்கு அப்படி ஒழுக வராது, வெடிக்கும். மலையேறிகளை விழுங்கும் பிளவுகள் அந்த வெடிப்புகள்தான்.

கீழே கணக்கு தலைகீழ். விழுவதைவிட உருகுவது அதிகம். தோல் தோலாக மேற்பரப்பு கரைய, ஆழத்தில் வந்ததெல்லாம் வெளியே தெரிகிறது. உச்சியில் தொலைந்த பொருள் நடுவழியில் எங்கும் கண்ணில் படாமல் அடிவாரத்தருகே முளைப்பது இதனால்.

இதை முன்கூட்டியே கணித்தவர் ஒருவர் உண்டு. 1820-ல் ஜோசப் ஹாமெல் என்பவரின் குழு மாண்ட் பிளாங்க் ஏறும்போது பனிச்சரிவு வந்து, மூன்று வழிகாட்டிகளைப் பிளவுக்குள் தள்ளியது. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் 1842-ல் பக்கத்துப் பனியாறான மேர் த கிளாஸில் குறிகள் வைத்து, அது நகரும் வேகத்தை அளந்தவர். ஓரத்தைவிட நடுப்பகுதி வேகமாகப் போவதையும் காட்டினார். அந்த மூவரும் விழுந்ததிலிருந்து சுமார் 40 ஆண்டில் கீழே வருவார்கள் என்றார். 1861-ல் போஸோனின் அடிப்பகுதியில் எலும்புகளும் உடைகளும் வெளிப்பட்டன. உடன் சென்று உயிர்பிழைத்த வழிகாட்டி ஒருவர், முதுமையில், தோழர்களின் மிச்சத்தை அடையாளம் காட்டினார். அறிவியலில் இவ்வளவு துல்லியமாகவும் இவ்வளவு கொடுமையாகவும் பலித்த கணிப்பு வேறு இருக்குமா தெரியவில்லை.

ஏர் இந்தியா விமானத்தின் பொருள்களும் இப்படித்தான் வெளிவருகின்றன. 2012-ல் இந்திய வெளியுறவுத் துறையின் தபால் பை வந்தது. 2013-ல் மரகதமும் நீலக்கல்லும் நிறைந்த பெட்டி. கண்டெடுத்த மலையேறி நேரே போலீஸிடம் கொடுத்தார்.

ஆனால் பனியாறு சுமப்பதில் இவையெல்லாம் சொற்பம். பெரும் சுமை கல். பாறை வெடிப்புகளில் நீர் புகுந்து உறைய, பனியாறு நகரும்போது துண்டுகளைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. அடியில் பதிந்த அந்தக் கற்கள் உப்புத்தாள் போல் தரையைத் தேய்க்கின்றன. ஆறு அறுத்த பள்ளத்தாக்கு குறுகிக் கூராக இறங்கும். பனி அறுத்ததோ அகன்ற தளமும் செங்குத்துச் சுவரும் கொண்டது. கடைசிப் பனியுகத்தில் ஷமோனி பள்ளத்தாக்கை ஆயிரம் மீட்டருக்கும் மேல் பனி நிரப்பியிருந்தது. இன்று ஊர் உட்கார்ந்திருக்கும் அகலமான தரை அதன் வேலை. பக்கத்துச் சிறு பனியாறுகளுக்கு அவ்வளவு ஆழம் தோண்டப் பலமில்லை; அவற்றின் பள்ளத்தாக்குகள் உயரத்திலேயே அறுந்து நிற்க, அங்கிருந்து அருவிகள் விழுகின்றன.

தேய்ந்த பாறை மாவாகி உருகுநீரில் கலக்கிறது. ஊர் நடுவே ஓடும் ஆர்வ் ஆறு கோடையில் சாம்பல் நிறமாக இருப்பது அதனால்தான். அதே மாவு ஏரியில் சேர்ந்தால் தண்ணீர் ஏன் பச்சையும் நீலமுமாக மாறுகிறது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)