விரல் மடங்கலையா? வேலையை விட்டுடாதீங்க!

ஸ்ரீபெரும்புதூர்,
விடியற்காலை கம்பெனி பஸ் பிடிக்கணும். பொத்தான் போட முடியவில்லை. ஒரு மணி நேரம் போனால்தான் விரல் மடங்குகிறது. இரண்டு கையிலும் வீக்கம். “வேலை அலுப்பு” என்று தைலம் தேய்த்தே நாளை ஓட்டுகிறவர்கள் உண்டு. முடக்குவாதமாக இருக்கலாம்!

உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் இது. கிழவர்களுக்குத்தான் வரும் என்பது தப்பு. ஆண்களைவிடப் பெண்களுக்கு 2, 3 மடங்கு அதிகம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் செல்போன் பூட்டுவது பெரும்பாலும் பெண்கள் விரல்தான். விரல் போனால் சம்பளம் போச்சு!

சீக்கிரம் மாத்திரை தொடங்கினால் மூட்டு கோணாமல் தப்பும். ஆனால் ஸ்குரூ டிரைவரை எப்படிப் பிடிப்பது என்று மாத்திரை சொல்லித் தராதே! அதற்குத்தான் ‘ஆக்குபேஷனல் தெரபி’. 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் கமலா நிம்ப்கர் இதற்குப் பள்ளி தொடங்கினார்.

“என்ன வேலை? எதைப் பிடிக்கிறீங்க?” என்றுதான் முதல் கேள்வி. மெல்லிய கைப்பிடியில் ரப்பர் சுற்றித் தடிமனாக்கச் சொல்வார்கள். மணிக்கட்டுக்குத் தாங்குபட்டை. பெட்டியை விரலால் கவ்வாமல் இரு உள்ளங்கையில் ஏந்தணும். பையை முழங்கையில் மாட்டணும். ஒரே வேலையை மணிக்கணக்கில் செய்யாமல் இடையிடையே கையை ஆற விடணும்.

கடைசி யோசனைக்கு சூப்பர்வைசர் மனசு வைக்கணும். பயந்து மறைத்தால் மூட்டுதான் கெடும்.

இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் முதலில் தங்கள் டிஸ்பென்சரி டாக்டரிடம் கையைக் காட்டலாம். மற்றவர்களுக்கு சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது.